சஹருக்கு எப்போது எழுவது, எப்போது நிறுத்துவது, நடுவில் என்ன சாப்பிடுவது

கோவையிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் இருந்தவரை அம்மா எழுப்பிச் சோறு போடுவாராம், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாராம். இந்த ரமலானில்தான் முதல் தடவையாகத் தனியாக நோன்பு வைக்கப் போகிறார். சஹருக்கு (விடிவதற்கு முன் சாப்பிடும் நோன்புச் சாப்பாட்டுக்கு) எத்தனை மணிக்கு எழுவது, எதுவரை சாப்பிடலாம், அரபியில் நிய்யத் (நோன்பு வைக்கிறேன் என்ற எண்ணம்) சொல்லத் தெரியாவிட்டால் நோன்பு கூடுமா, எதைச் சாப்பிட்டால் பகலில் தாகம் எடுக்காது, போன வருடம் தினமும் மூன்று மணிக்கெல்லாம் தலைவலி வந்து வேலையே ஓடவில்லையே, அதற்கு என்ன வழி என்றெல்லாம் கேட்கிறார்.

தம்பி, நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சாப்பாட்டில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நோன்புக்கு ஒன்றும் ஆகாது, நேரத்தில் தவறினால் அந்த நோன்பையே பிறகு கழா செய்ய, அதாவது வேறொரு நாளில் ஈடாக வைக்க வேண்டி வரும்.

ஊரிலிருந்து வரும்போது துணிக்கடையிலோ ஜமாஅத்திலோ கொடுத்த ரமலான் அட்டவணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். அதைச் சென்னையில் பார்த்து சஹர் முடிக்காதீர்கள். சென்னை ஏறக்குறைய 80 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, கோவை 77-ல். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சென்னையில் கோவையைவிடப் பன்னிரண்டு நிமிடம்போல முன்னதாகவே விடிந்துவிடும். கோவை அட்டவணையில் 5.17 என்று போட்டிருக்கிறதே என்று நீங்கள் நிதானமாகத் தயிர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சென்னையில் வக்து, அதாவது வைகறைத் தொழுகை நேரம், நுழைந்து போயிருக்கும். நோன்பு திறக்கும்போது இந்தச் சிக்கல் தலைகீழ். சென்னையில் முன்னதாகவே சூரியன் மறைவதால், ஊர் அட்டவணையை நம்பினால் கொஞ்சம் தாமதமாகத் திறப்பீர்கள், அவ்வளவுதான். காலையில்தான் ஆபத்து. அதனால் நோன்பு தொடங்கும் முன்பே உங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு ஒரு வேளைத் தொழுகைக்குப் போய் அவர்கள் அடித்த அட்டவணையை வாங்கி அறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். வார இறுதியில் ஊருக்குப் போனால் அங்கே ஊர் அட்டவணை. இரவு ரயிலில் வருபவர்கள் வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ அந்த ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். நிச்சயமில்லை என்றால் சென்னை நேரத்துக்கே நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

செல்போன் செயலியை நம்பலாமா என்றால், நம்பலாம், ஆனால் அதன் அமைப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். சுபுஹு என்ற வைகறைத் தொழுகையின் நேரம், சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது தொடங்குகிறது என்பதை வைத்துக் கணக்கிடுவது. நம் நாட்டு அட்டவணைகள் பெரும்பாலும் 18 பாகையை எடுத்துக்கொள்கின்றன. வட அமெரிக்காவில் பல இடங்களில் 15, எகிப்தில் 19.5. செயலியை இறக்கும்போது அது தானாக 15-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால், நம் அட்சரேகையில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளிக் காட்டும். ஒரே அறையில் இரண்டு பேர் போனில் இரண்டு நேரம் வந்து, எது சரி என்று நாலரை மணிக்குச் சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 18-க்கு மாற்றுங்கள், பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிடுங்கள், இரண்டும் ஓரிரு நிமிடத்துக்குள் நிற்கும்.

எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும்? குர்ஆன் 2:187 சொல்வது, வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று. அதிய்யு பின் ஹாத்திம் என்ற நபித்தோழர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று என்று இரண்டு கயிறுகளைத் தலையணைக்குக் கீழே வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நபிகளாரிடம் போய்ச் சொன்னபோது, அது இரவின் இருளும் பகலின் வெண்மையும் என்று விளக்கினார்கள். புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கும் செய்தி. கிழக்கில் முதலில் செங்குத்தாக ஒரு மங்கல் வெளிச்சம் எழும்பி மறையும், அது பொய் வைகறை, அப்போது சாப்பிடலாம். அதற்குப் பிறகு அடிவானத்தில் இடமும் வலமுமாகப் பரவும் வெளிச்சம்தான் உண்மையான வைகறை, அதோடு சாப்பாடு முடிந்தது. சென்னையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் பார்க்க முடியாது, அதனால்தான் கடிகாரம்.

சூரிய உதயம் வரை சாப்பிடலாம் என்று நினைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முழுத் தவறு. நம் ஊரில் வைகறைக்கும் உதயத்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேல், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது.

அதைவிடப் பரவலான நம்பிக்கை, பாங்கு சொல்லி முடியும் வரை சாப்பிடலாம் என்பது. பாத்திரம் கையில் இருக்கும்போது அழைப்பு கேட்டால் தேவையை முடிக்காமல் கீழே வைக்க வேண்டாம் என்று அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது, அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் நபிகளார் காலத்தில் இரண்டு பாங்கு உண்டு. பிலால் இரவிலேயே ஒன்று சொல்வார், வைகறை வந்ததும் இப்னு உம்மி மக்தூம் இன்னொன்று சொல்வார். பிலாலின் பாங்குக்குப் பிறகும் சாப்பிடுங்கள், இப்னு உம்மி மக்தூம் சொல்லும் வரை, என்று புகாரி முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அவர் பார்வையற்றவர், விடிந்துவிட்டது விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் பாங்கு சொல்வார். பாத்திரம் பற்றிய ஹதீஸை முதல் பாங்கோடு சேர்த்துத்தான் அறிஞர்களில் பலர் விளக்கியிருக்கிறார்கள். மத்ஹபுகள் என்ற நான்கு சட்டப் பிரிவுகளிலும் நடைமுறை, வைகறை உறுதியானால் நிறுத்த வேண்டும் என்பதே. இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் சஹர் முடிவு நேரம் கழிந்து சில நிமிடம் விட்டுத்தான் பாங்கு சொல்கிறார்கள். பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் வக்து ஏற்கெனவே நுழைந்திருக்கலாம். எனவே பாங்கைக் காதால் கேட்டு நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள், அட்டவணையில் இருக்கும் நிமிடத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். அந்த நொடியில் வாயில் உணவு இருந்தால் துப்பிவிட்டு வாயைக் கழுவிவிடுங்கள், நோன்பு கூடும். அதை விழுங்கினால் கூடாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக, பேணுதல் என்று சொல்லி அரை மணி நேரத்துக்கு முன்பே வாயைக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. மலேசியா, இந்தோனேசியா பக்கம் அட்டவணையிலேயே இம்சாக் என்று சுபுஹுக்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு நேரம் போடுவார்கள், அங்கிருந்து வந்தவர்கள் அதன் பிறகு தண்ணீர் குடிப்பதே ஹராம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது எச்சரிக்கை மணி மட்டும்தான். நபிகளாரோடு சஹர் சாப்பிட்டதற்கும் பாங்குக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது என்று நபித்தோழர் ஸைத் பின் ஸாபித்திடம் கேட்டபோது, 50 ஆயத்துகள் (குர்ஆன் வசனங்கள்) ஓதும் நேரம் என்றார். நிதானமாக ஓதினால் பத்து நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய. சஹரைத் தாமதப்படுத்துவதுதான் சுன்னத், அதாவது நபிவழி. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இதுவே சஹர் என்று படுப்பவர்கள் நகரத்தில் கூடிக்கொண்டே போகிறார்கள். ஷாஃபி மத்ஹபில் நள்ளிரவோடு சஹர் நேரம் தொடங்கிவிடுகிறது, ஆகவே சட்டப்படி அதைக் குறை சொல்ல முடியாது. உடம்புக்கணக்குப்படி பார்த்தால் நோன்போடு ஐந்து மணி நேரத்தை வலியச் சேர்த்துக்கொள்கிறோம், அத்தோடு சுபுஹும் பெரும்பாலும் போய்விடும்.

சரி, நிய்யத்துக்கு வருவோம். இதில் உங்கள் அறையிலேயே இரண்டு விதமான ஆட்கள் இருக்கக்கூடும். கோவைப் பக்கம் ஹனஃபிகள் அதிகம், கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கரையோர ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். ஷாஃபி சட்டப்படி ரமலான் நோன்புக்கு ஒவ்வோர் இரவும், சூரியன் மறையும் மக்ரிபுக்கும் சுபுஹுக்கும் இடைப்பட்ட நேரத்துக்குள் நிய்யத் வைத்தாக வேண்டும். மறந்துவிட்டால் அன்றைய பகல் முழுவதும் நோன்பாளி போலவே இருந்துவிட்டுப் பிறகு ஒரு நாள் கழா செய்ய வேண்டும். அதனால்தான் கரையோர ஊர்களில் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்ததும் இமாம் சத்தமாகச் சொல்ல, ஜமாஅத் முழுக்கத் திருப்பிச் சொல்லும்: இந்த வருடத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கடமையான) நோன்பை அல்லாஹ்வுக்காக நாளை பிடிக்க நிய்யத்து செய்கிறேன். ஹனஃபி சட்டத்தில் இரவில் வைப்பதுதான் சிறப்பு, ஆனாலும் தூங்கிப்போய் விட்டுவிட்டால், சுபுஹுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவரை, பகலின் பாதி கழிவதற்கு முன் வைத்துக்கொள்ளலாம். மாலிக்கி மத்ஹபில் முதல் இரவிலேயே மாதம் முழுவதற்கும் ஒரே நிய்யத் போதும். ஷாஃபிகள் சிலர் மறதிக்குப் பாதுகாப்பாக முதல் இரவில் அப்படியும் ஒன்றை வைத்துக்கொள்வார்கள்.

அரபி வாசகம் தெரியாதது ஒரு பிரச்சினையே இல்லை. நிய்யத்தின் இடம் உள்ளம். நாளைக்கு ரமலான் நோன்பு வைக்கிறேன் என்று தமிழில் மனதில் நினைத்தால் போதும். நாளை நோன்பு என்ற நினைப்போடு எழுந்து சஹர் சாப்பிடுகிறீர்களே, அந்த நினைப்பே நிய்யத்தாக ஆகிவிடும் என்றுதான் நூல்களில் இருக்கிறது. இன்னொரு பயம் பலருக்கு உண்டு, இரவு ஒன்பதரைக்குப் பள்ளியில் நிய்யத் சொல்லிவிட்டோமே, இனிச் சாப்பிடலாமா என்று. தாராளமாகச் சாப்பிடலாம். நிய்யத் அப்போது, நோன்பு வைகறையில்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டுக் கேட்காமலே இருப்பார்கள். உடலுறவாலோ கனவாலோ குளிப்புக் கடமையான நிலையில் எழுந்தால், சஹர் நேரம் குறைவாக இருந்தால், வாயையும் கையையும் கழுவிவிட்டு முதலில் சாப்பிடுங்கள், குளிப்பு பிறகு. நபிகளாரே அப்படி வைகறையை அடைந்து, பிறகு குளித்துவிட்டு நோன்பைத் தொடர்ந்திருக்கிறார்கள், அவர்களின் மனைவியர் ஆயிஷா அவர்களும் உம்மு ஸலமா அவர்களும் அறிவிக்கிறார்கள். சுபுஹுத் தொழுகை தவறாமல் குளித்துவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. பெண்களுக்கும் இதே சட்டம்தான். மாதவிடாய் வைகறைக்கு முன்பே நின்றுவிட்டால் அன்றைய நோன்பு கடமை, குளிப்பது சஹர் முடிந்த பிறகாக இருக்கலாம்.

இப்போது சாப்பாடு. சஹர் செய்யுங்கள், சஹரில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடமான ஹதீஸ். ஆனால் அந்த பரக்கத்தைத் தட்டின் உயரத்தில் தேடுகிறோம். பகல் முழுக்கப் பட்டினி என்ற பயத்தில் நாலரை மணிக்கு இரண்டு ஆள் சோறு சாப்பிட்டால், ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் நெஞ்சு எரியும், பதினொரு மணிக்குத் தூக்கம் தள்ளும், ஒரு மணிக்கு எப்போதும் போலப் பசிக்கும். எவ்வளவு போட்டாலும் வயிறு ஐந்தாறு மணி நேரத்தில் காலியாகிவிடும். பகலை ஓட்டுவது முந்தின நாள் மக்ரிபிலிருந்து நீங்கள் குடித்த தண்ணீர், தூங்கிய தூக்கம், சஹரில் சாப்பிட்டதன் தன்மை, இந்த மூன்றும்தான்.

வெள்ளைச் சோறு மட்டும், பிரெட்டும் ஜாமும், சர்க்கரை போட்ட ஓட்ஸ் பாக்கெட், இதெல்லாம் சீக்கிரம் கரைந்துவிடும். அதோடு முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை என்று ஏதாவது ஒரு புரதம் சேர்ந்தால் மெதுவாகச் செரிக்கும். வீட்டில் உங்கள் அம்மா கடைசியாகத் தயிரோ பாலோ ஊற்றி, வாழைப்பழத்தைப் பிசைந்து ஒரு கைப்பிடி சோறு போட்டிருப்பாரே, நம் வீடுகளில் சஹர் அப்படித்தான் முடியும், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீர், புரதம், பொட்டாசியம் மூன்றும் அதில் வந்துவிடுகின்றன, உப்பும் காரமும் குறைவு. பழைய சோறும் தயிரும் சின்ன வெங்காயமும் சஹருக்கு அருமையாக இருக்கும், அடுப்பே மூட்ட வேண்டியதில்லை. ஒரு நாள் அவலைப் பாலில் ஊறவைத்துப் பழம் சேர்த்துச் சாப்பிடலாம், ஒரு நாள் கேழ்வரகுக் கூழ். இரண்டு மூன்று பேரீத்தம்பழம் என்றைக்கும் இருக்கட்டும், முஃமினுக்கு நல்ல சஹர் பேரீத்தம்பழம் என்று அபூதாவூதில் ஹதீஸே இருக்கிறது. சாப்பிட மனமே வராத நாளில் இதோடு ஒரு தம்ளர் பால் போதும்.

தாகம் எடுக்காத உணவு என்று ஒன்று கிடையாது, தாகத்தைக் கூட்டும் உணவுகள்தான் உண்டு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், முந்தின இரவு மிஞ்சிய பிரியாணி, கடைப் பரோட்டா சால்னா, நூடுல்ஸ் மசாலாப் பொட்டலம். இவற்றின் உப்பு பத்து மணிக்கெல்லாம் நாக்கை உலர வைக்கும். தனி அறைப் பையன்கள் சஹருக்குச் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

தண்ணீர் விஷயத்தில், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதால் பயனில்லை. சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், எட்டு மணிக்குள் இரண்டு மூன்று தடவை போய் வருவீர்கள், கதை முடிந்தது. நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும் வரை, தராவீஹுக்குப் போகும் முன் ஒன்று, வந்த பிறகு ஒன்று என்று பிரித்துக் குடியுங்கள், சஹரில் இரண்டு தம்ளர் போதும். எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை லிட்டர் வந்தால் சாதாரண உடம்புக்குச் சரி. வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். நோன்புக் கஞ்சி இந்தக் கணக்கில் பெரிய உதவி, அதை ஒரு பெரிய கிண்ணம் குடித்துவிட்டு சமோசாவைக் குறைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் மூன்று மணித் தலைவலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டீயை. ஒரு நாளைக்கு நாலைந்து டீ குடிக்கும் ஆள் ஒரேயடியாக நிறுத்தினால், கடைசி டீக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தலை வலிக்கத் தொடங்கும், முதல் நாலைந்து நோன்புகளில்தான் அது கடுமையாக இருக்கும். ரமலானுக்குப் பத்து நாள் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பகல் டீயை முதலில் வெட்டுங்கள். சஹரில் சின்னக் கப் ஒன்று குடித்தால் தவறில்லை. டீ குடித்தால் உடம்பு நீர் முழுக்கப் போய்விடும் என்பது பெரிதுபடுத்திச் சொல்வது. மாதம் முழுக்கத் தலைவலி தொடர்ந்தால் அது பெரும்பாலும் தூக்கக் குறைவு அல்லது நீர்க்குறைவு. ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபானில் நபிகளார் மற்ற மாதங்களைவிட அதிகமாக நோன்பு வைத்தார்கள் என்று ஆயிஷா அவர்கள் சொல்கிறார்கள். ஷஅபானில் திங்களும் வியாழனுமாகச் சில நோன்பு வைத்துப் பார்த்தால் ரமலானின் முதல் வாரம் இவ்வளவு இடிக்காது.

தூக்கத்துக்கு வழி ஒன்றுதான் இருக்கிறது, தராவீஹ் முடிந்து வந்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பத்தரைக்குள் படுப்பது. நாலே காலுக்கு எழுந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் கிடைக்கும். மதியம் லுஹருக்குப் பக்கத்தில் ஒரு இருபது நிமிடம் கண்ணசந்தால், கைலூலா என்ற சுன்னத்தும் ஆச்சு. திருவல்லிக்கேணி, மண்ணடி பக்கம் ரமலான் இரவு அழகுதான், விடிய விடியக் கடை திறந்திருக்கும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள், மந்தி சாப்பிட்டுவிட்டு அப்படியே சஹரை முடித்துக்கொண்டு வரலாம் என்பார்கள். ஒரு வெள்ளி, சனி போய்வாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் போனால் பகல் முழுக்கத் தூங்கித்தான் கழிக்க வேண்டும், அது என்ன நோன்பு என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்ததிலிருந்து நிறுத்துவது வரை எப்படி ஓட்டுவது என்று ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் சென்னையில் சஹர் முடிவு ஐந்து பத்தை ஒட்டி வரும். அட்டவணையில் 5.07 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவே அரிசியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி மின் குக்கரில் வைத்துவிடுங்கள், அதன் மேல்தட்டில் இரண்டு முட்டையைக் கழுவி வையுங்கள். அலாரம் 4.15-க்கு, போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எழுந்ததும் குக்கர் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர், உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது), இரண்டு ரக்அத் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகை. வருடம் முழுக்க வாய்க்காத தஹஜ்ஜுத் இந்த மாதத்தில் சோறு வேகும் நேரத்தில் வாய்க்கிறது, விடாதீர்கள். 4.40-க்கு உட்கார்ந்தால் அவசரமில்லாமல் சாப்பிடலாம், 4.55-க்கு முடியும். அப்புறம் இரண்டாவது தம்ளர் தண்ணீர், மாத்திரை இருந்தால் மாத்திரை. பல் துலக்குவதையும் இப்போதே முடித்துவிடுங்கள், நோன்பு தொடங்கிய பிறகு பற்பசை போட்டால் விழுங்கிவிடும் பயம் இருப்பதால் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்பார்கள், வீண் சங்கடம். பல்லிடுக்கில் மாட்டிய சோற்றுப் பருக்கையும் கீரையும் இந்தத் துலக்கலில் போய்விடும், பிறகு பகலில் நாக்கில் ஏதோ தட்டுப்படுகிறதே, விழுங்கலாமா துப்பலாமா என்ற குழப்பம் வராது. 5.04-க்கு ஒரு மிடறு தண்ணீரோடு நிறுத்துங்கள். அப்படியே பள்ளிக்கு நடந்துபோய் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு வந்து படுத்தால் சாப்பாடும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சாப்பிட்ட கையோடு படுப்பதுதான் நெஞ்செரிச்சலுக்கு முதல் காரணம்.

முஸ்லிம் அல்லாத நண்பர்கள் அறையில் இருந்தால், மிக்ஸி ஓட்டுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் இரவே முடிந்திருக்க வேண்டும். நாலே காலுக்கு டியூப்லைட்டைப் போட்டு அவர்களை எழுப்பிவிடாதீர்கள், ஒரு சின்ன விளக்கு போதும். ஊரில் பக்கிர்ஷாக்கள் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்து எழுப்புவார்கள், கெய்ரோவில் முஸஹராத்தி, இஸ்தான்புல்லில் முரசு அடிப்பவர் என்று எல்லா ஊரிலும் ஒரு ஆள் உண்டு. அடுக்குமாடியில் அந்த வேலையை அலாரம்தான் செய்ய வேண்டும், அதுவும் மற்றவர்களை எழுப்பாத மெல்லிய அலாரமாக இருந்தால் நல்லது என்றாலும், அதை அணைத்துவிட்டுத் தூங்கிப்போகும் ஆள் நீங்கள் என்றால் ஊரில் அம்மாவை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் எப்படியும் எழுந்துதானே இருப்பார்.

தூங்கிப்போய் சஹர் தவறிவிட்டால்? நோன்பு தவறாது. சஹர் சுன்னத், நோன்புக்கு நிபந்தனை இல்லை. இரவே நிய்யத் வைத்திருந்தால் அப்படியே தொடருங்கள், அன்று மதிய வெயிலில் சுற்றுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கண் விழித்தபோது இரண்டே நிமிடம் இருந்தால் ஒரு பேரீத்தம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் போதும், அதுவே சஹர்தான்.

மாத்திரை என்று மேலே ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன், உங்களுக்குத் தேவைப்படாது, ஊரில் அப்பாவுக்கு சர்க்கரை இருந்தால் தேவைப்படும். காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு மாற்றிக்கொள்வதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளை முழு அளவில் சஹரில் போட்டால் மதியத்துக்குப் பிறகு சர்க்கரை அபாயமாக இறங்கலாம், இன்சுலினும் அப்படித்தான். எதைக் குறைப்பது, எதை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாற்றுவது என்பதை ரமலானுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, பயந்துகொண்டு பார்க்காமல் இருக்க வேண்டாம். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி சொல்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தந்தது குர்ஆன்தான், 2:184-லும் 185-லும் இருக்கிறது. வேறு நாளில் வைக்கலாம், வைக்கவே முடியாத நிலை என்றால் ஃபித்யா (ஈடாக ஏழைக்கு உணவு) கொடுக்கலாம். சஹருக்கு எழுந்து அப்பாவுக்கு போன் போடும்போது இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார், ஊர் இமாமை விட்டுச் சொல்லச் சொன்னால் கேட்பார்.

கடைசியாக, தினமும் சமைக்க முடியாது என்றால் சென்னையில் பல பள்ளிவாசல்களில் தனியாகத் தங்கியிருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் சஹர் சாப்பாடு போடுகிறார்கள். பெரும்பாலும் இலவசம், கூச்சப்பட ஒன்றுமில்லை. எண்ணிக்கை தெரிந்தால்தான் சமைக்க முடியும் என்பதால் முந்தின நாளே பெயர் கேட்கும் இடங்களும் உண்டு. அட்டவணை வாங்கப் போகிறீர்கள் அல்லவா, அப்போதே மோதினாரிடம் சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த மாடியில், டோக்கன் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.